கரீபியத் தீவுகளும் ‘பிரதிநிதித்துவ விடுபாடு’ என்னும் கலைச்சொல்லும்

அன்புள்ள ஐயா, அம்மா, நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தம்மைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றுவோரைத் தேர்ந்தெடுப்பதில் மக்களுக்கு உரிய பங்கு இல்லாத நிலையை, நெதர்லாந்து முடியரசின் கரீபியத் தீவுகளைப் பற்றிப் பேசும்போது டச்சு மொழியில் ‘டெமோக்ராட்டிஸ் டெகோர்ட்’ என்றும் ஆங்கிலத்தில் ‘டெமாக்ரடிக் டெஃபிசிட்’ என்றும் வழங்கும் தொடருக்கு ‘மக்களாட்சிக் குறைபாடு’, ‘மக்களாட்சிப் பற்றாக்குறை’ என இரு பரிந்துரைகள் நம் கலைச்சொல் விவாதத்தில் நம்முன் உள்ளன. இரண்டும் நல்ல தமிழ். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றி எழுதினால் இரண்டாவதை நானும் தயங்காமல் எடுத்தாள்வேன். ஆனால் இத்தீவுகளின் நிலைக்கு இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஏன் என்பதை விளக்க, அங்குள்ள ஆட்சியமைப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1954 டிசம்பர் 15 அன்று அரசி யூலியானா கையொப்பமிட்ட முடியரசுச் சாசனம், நெதர்லாந்து, சூரிநாம், கரீபியத் தீவுகளின் தொகுதியான நெதர்லாந்து அன்டிலீஸ் ஆகிய மூன்றையும் ஒரே முடியரசின் உறுப்பு நாடுகளாக்கியது. சூரிநாம் 1975-இல் விடுதலை பெற்றது. அரூபா 1986-இல் அன்டிலீஸிலிருந்து பிரிந்து தனி உறுப்பு நாடானது. 2010 அக்டோபர் 10 அன்று அன்டிலீஸ் கலைக்கப்பட்டு, குராசோவும் சின்ட் மார்ட்டனும் உறுப்பு நாடுகளாயின. இம்மூன்று தீவு நாடுகளுக்கும் தனித்தனி அரசமைப்பும் நாடாளுமன்றமும் பிரதமரும் உண்டு; தேர்தல்கள் முறையாக நடக்கின்றன. சிக்கல் அதற்கு மேல்தளத்தில் இருக்கிறது. பாதுகாப்பு, வெளியுறவு, குடியுரிமை போன்றவை முடியரசுக்கு உரியவை. அவற்றுக்கான முடியரசுச் சட்டங்களை நிறைவேற்றுவது ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்தின் ஈரவைகளே. முடியரசுக்கென்று தனி நாடாளுமன்றம் கிடையாது. அந்தக் கீழவையின் 150 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில், அதே டச்சுக் கடவுச்சீட்டை வைத்திருந்தும், குராசோவின் தலைநகர் வில்லெம்ஸ்டாடில் பிறந்து அங்கேயே வாழும் ஒருவருக்குப் பொதுவாக வாக்கு இல்லை. முன்பு நெதர்லாந்தில் பத்தாண்டுகள் குடியிருந்திருந்தால்தான் உண்டு.

இந்த இடைவெளியை நிரப்பச் சாசனம் வேறு வழிகளைத் தந்திருப்பது உண்மைதான். ஒவ்வொரு தீவு நாட்டின் அரசும் ஹேக்குக்கு ஓர் அமைச்சரை அனுப்புகிறது. அவர் முடியரசு அமைச்சரவையில் டச்சு அமைச்சர்களோடு அமர்கிறார். நாடாளுமன்ற விவாதத்தில் பேசலாம், திருத்தமும் முன்மொழியலாம். ஒரு முடியரசுச் சட்ட முன்வடிவை அவர் எதிர்த்த பின்னும் கீழவை அதை ஐந்தில் மூன்று பங்குக்குக் குறைவான வாக்குகளால் நிறைவேற்றினால், அது நிறுத்தப்பட்டு அமைச்சரவையின் மறு ஆலோசனைக்குச் செல்லும். இவற்றை அற்பமானவை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் இவை அரசுக்கு அரசு பேசும் வழிகளே அன்றி, வாக்காளர் தம் உறுப்பினரைக் கணக்குக் கேட்கும் வழிகள் அல்ல. அமைச்சரவையில் பெரும்பான்மையும் எப்போதும் டச்சு அமைச்சர்களிடமே இருக்கிறது.

இனி சொற்களுக்கு வருகிறேன். ‘குறைபாடு’ என்றால், எதன் குறைபாடு என்ற கேள்வி உடனே எழும். தீவுகளின் நிர்வாகம் பலவீனமானது, நிதி ஒழுங்கு போதாது என்ற பேச்சு ஹேக்கில் நெடுங்காலமாக உண்டு. குராசோ, சின்ட் மார்ட்டன் ஆகியவற்றின் நிதியை மேற்பார்வையிட 2010-இலேயே ஒரு முடியரசுச் சட்டம் வந்தது. இந்தச் சூழலில் ‘மக்களாட்சிக் குறைபாடு’ என்று எழுதினால், தீவு மக்களின் மக்களாட்சியே பழுதுபட்டது என்று படிப்பவர் கொள்ளக்கூடும். உண்மையில் பழுது இருப்பது தீவுகளையும் ஹேக்கையும் இணைக்கும் அமைப்பில். ஒரு கலைச்சொல் பழியை இடம் மாற்றிவிடக் கூடாது.

‘பற்றாக்குறை’ அப்படிப் பழி சுமத்துவதில்லை. ஆனால் கொஞ்சம் இருக்கிறது, போதவில்லை என்று அது பொருள்படும். டென்மார்க் முடியரசில் பரோயே தீவுகளுக்கும் கிரீன்லாந்துக்கும் 179 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் தலா இரண்டு இடங்கள் உள்ளன. அவை போதாது என்று கருதுவோர் அங்கே ‘பற்றாக்குறை’ என்று சொல்லலாம். போனேர், சின்ட் யூஸ்டேஷியஸ், சாபா ஆகிய மூன்றுக்கும்கூட அச்சொல் பொருந்தும். 2010 முதல் நெதர்லாந்து நாட்டின் பகுதியாகவே இருக்கும் அத்தீவுகளின் மக்கள் கீழவைக்கு வாக்களிக்கிறார்கள். மேலவைத் தேர்தலில் பங்குகொள்ள 2019 முதல் தேர்வாளர் குழுக்களும் உண்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் சாபாவின் வாக்கு அந்தப் பெருந்திரளில் கரைந்துவிடுகிறது என்பது வேறு துயரம். 2018-இல் சின்ட் யூஸ்டேஷியஸின் தீவு மன்றத்தை ஹேக் கலைத்தபோதும் அத்தீவினருக்குக் கீழவை வாக்கு இருக்கத்தான் செய்தது. அரூபா, குராசோ, சின்ட் மார்ட்டன் ஆகியவற்றுக்கோ ஓர் இடமும் இல்லை. இல்லாததைப் பற்றாக்குறை என்பது பொருந்தாது.

இந்த வேறுபாட்டின் கூர்மையை ஒரு வழக்கு காட்டுகிறது. அரூபாவைச் சேர்ந்த இருவர் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள மூன்றாம் நாடுகளில் வாழும் டச்சுக் குடிமக்களுக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை தந்துவிட்டு, அரூபாவில் வாழ்வோருக்கு அதைத் தக்க காரணமின்றி மறுப்பது சமத்துவத்துக்கு முரண் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. 2009 முதல் அவர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறார்கள். தங்களைக் கட்டுப்படுத்தும் முடியரசுச் சட்டங்களை இயற்றும் அவைக்கு இன்றும் வாக்களிப்பதில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘பிரதிநிதித்துவ விடுபாடு’, அதாவது பிரதிநிதித்துவம் விடுபட்டிருக்கும் நிலை. முதற்பகுதிக்குச் ‘சார்பாண்மை’ என்ற தனித்தமிழ்ச் சொல்லை எடுக்கலாமே என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். பிற இடங்களில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் தீவுகளைப் பற்றிய வாக்கியத்தில் ‘சார்பு’ என்ற வேர், பிறரைச் சார்ந்து கிடப்பதையே முதலில் நினைவூட்டும். பிரதிநிதியைக் குறிக்கும் ‘பேராள’ரிலிருந்து ‘பேராண்மை’ என்று ஆக்கவும் வழியில்லை. குறள் காலத்திலிருந்தே அது வீரத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

‘விடுபாடு’ விடுதலையையும் குறிக்குமே, சூரிநாமைப் போலப் பிரிந்து போவது பற்றிய பேச்சு உள்ள இடத்தில் இது குழப்பாதா என்பது ஐயா ஒருவர் எழுப்பிய நியாயமான ஐயம். தனிச்சொல்லாக நின்றால் குழப்பக்கூடும். ஆனால் ‘வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டது’ என்பது ஒவ்வொரு தேர்தலிலும் நம் மக்கள் வாயில் வரும் தொடர். அதனால் ‘பிரதிநிதித்துவம்’ முன்னே நின்றாலே பொருள் தெளிந்துவிடும். விடுபட்டது தற்செயலாகவா, 1954-இன் ஏற்பாட்டிலேயே தெரிந்து செய்ததா என்பதை இச்சொல் முன்கூட்டியே தீர்ப்பதில்லை. அதை ஆய்வாளருக்கு விட்டுவைக்கிறது. ‘விடுபட்ட வாக்காளர்’ போன்ற கிளைச்சொற்களுக்கும் இடம் தருகிறது.

கூடவே இன்னொன்று. தீவுகள் ஹேக்குக்கு அனுப்பும் அமைச்சரை ‘முழு அதிகார அமைச்சர்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருப்பதை மாற்ற வேண்டும். மேலே சொன்ன அளவே அவருடைய அதிகாரம். ‘பேராள அமைச்சர்’ என்பதை முன்மொழிகிறேன். இவ்விரண்டு சொற்களையும் ஏற்பதில் தடை உள்ளவர்கள், எந்த வாக்கியத்தில் அவை இடறுகின்றன என்பதையும் சேர்த்து எழுதினால் முடிவு செய்ய உதவியாக இருக்கும்.