கொக்குவிலில் தண்டவாளம் இருக்கிறது, ட்ராம் ஏன் இல்லை?

கொக்குவில்காரி எழுதியது:

சித்தியின் மகள் சிட்னியில் பரமற்றா பக்கம் இருக்கிறாள். போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். அவளுடைய மாமியார் ட்ராமில் ஏறுகிறார். முழங்கால் வருத்தக்காரி, கையில் தடி. ஏறுவதற்குப் படியே இல்லை. தரிப்பிடத்துத் தரையும் ட்ராமின் தரையும் ஒரே மட்டம். மனுசி வீட்டு விறாந்தையில் நடப்பது மாதிரி உள்ளே போய் இருக்கிறார்.

நான் தினமும் கொக்குவில் சந்தியில் மினிபஸ் பிடித்துக் கஸ்தூரியார் வீதிக்கு வேலைக்குப் போகிறவள். கை காட்டினால் எந்த இடத்திலும் நிற்கும், அந்த வசதியைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இறங்குவது பெரிய பாடு. பஸ்ஸுக்கும் கடை வாசலுக்கும் இடையில் அரை ஆள் அகலம் இருந்தால் போதும், மோட்டார்சைக்கிள் புகுந்து வந்துவிடும். அம்மாவைத் தெல்லிப்பழைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் நாட்களில் பஸ் முழுதாக நிற்கும் முன்னமே "இறங்குங்கோ, இறங்குங்கோ" என்று கொண்டக்டர் தகரத்தில் தட்டத் தொடங்கிவிடுவார். அம்மா ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு மற்றக் காலைத் தேடுவார்.

எங்கள் வீட்டுப் பின்வளவுக்கு அப்பால் றெயில் பாதை போகிறது. கொழும்பு றெயில் போகும், வரும். மிச்ச நேரம் முழுக்கச் சும்மா கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஆடுகள்தான் அந்தக் கரையில் மேய்கின்றன. அதில் கால்மணிக்கு ஒன்று சின்னதாக ஒரு வண்டி யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் ஓடினால் என்ன? இல்லாவிட்டால் கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியிலேயே ட்ராம் போட முடியாதா? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "கொழும்புக்கே இல்லை, உங்களுக்கு எதற்கு" என்று மட்டும் எழுதவேண்டாம், அது எனக்கே தெரியும்.

---

அரியாலை சிவப்பு சைக்கிள் எழுதியது:

வேண்டாம் என்றதையே எழுதுகிறேன், கொழும்புக்கே இல்லை. அங்கே மாலபேயிலிருந்து கோட்டைக்கு ட்ராம் மாதிரி இலகு றெயில் போடத் திட்டம் இருந்தது, ஏறக்குறைய 16 கிலோமீற்றர், 16 நிலையங்கள். 2019இல் ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்காவோடு கடன் ஒப்பந்தமும் எழுதியாயிற்று. 2020 செப்டெம்பரில் செலவு கட்டாது என்று அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச திட்டத்தையே நிறுத்திவிட்டார். காலையில் மாலபே வீதியில் சனம் நெரிபடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கேயே கட்டாது என்றால் மாவட்டம் முழுவதும் கூட்டினாலும் ஆறு லட்சம் சனத்துக்குக் கிட்டத்தான் வரும் எங்களுக்கு எப்படிக் கட்டும்? அக்கா, வீடியோவைப் பார்த்துச் சந்தோசப்படுங்கள்.

---

நேர அட்டவணைக்காரன் (இணுவில்) எழுதியது:

தங்கச்சி, நான் பரமற்றாவில் கனகாலம் ஒரு பஸ் கம்பனியில் நேர அட்டவணை போடும் வேலை பார்த்தவன். இப்போது இணுவிலில் தோட்டமும் நானுமாக இருக்கிறேன். நீங்கள் பார்த்த ட்ராம் வெஸ்ற்மீட்டிலிருந்து கார்லிங்போர்ட் போவது. 12 கிலோமீற்றர், 16 தரிப்பிடங்கள், 2024 டிசெம்பர் 20ஆம் திகதி ஓடத் தொடங்கியது. நம்மவர் நிறையப் பேர் இருக்கும் பக்கம், வெஸ்ற்மீட் பெரியாஸ்பத்திரி வாசலிலேயே ஒரு தரிப்பிடம்.

அந்த ட்ராமின் பாதி வழி முன்னர் றெயில் பாதை. கார்லிங்போர்ட் கிளைப்பாதை என்று பெயர், ஒற்றைத் தண்டவாளம், அரைமணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு றெயில். நேரம் தவறினால் கால் கடுக்க நிற்கவேண்டும் என்பதால் அந்தப் பக்கத்து ஆட்கள் கார் வாங்கினார்கள். கார் வாங்கியதால் றெயில் வெறுமையாக ஓடியது. 2020 ஜனவரியில் அதை மூடி, இரட்டைத் தண்டவாளமாக்கி, ஊருக்குள் தெருவழியாக நீட்டி, இப்போது பகலில் ஏழரை நிமிடத்துக்கு ஒன்று ஓடுகிறது. அதே பாதை, அதே வீடுகள். ஆகவே உங்கள் பின்வளவைப் பார்த்து நீங்கள் கேட்ட கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை. அரியாலைத் தம்பி கொஞ்சம் பொறுக்கவேண்டும்.

ஆனால் கே.கே.எஸ். வீதியில் ட்ராம் என்பதை விட்டுவிடுங்கள். பரமற்றாவில் ஓடுகிற ஒரு ட்ராம் 45 மீற்றர் நீளம், 400 பேர் வரை ஏறலாம். வீதியில் அதற்கென்று தனி வழி வேண்டும். கொக்குவிலிலிருந்து தாவடி வரை மனதில் நடந்து பாருங்கள். இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று கானுக்குள் சில்லு இறக்கவேண்டிய வீதியில் தனி வழிக்கு எந்த மதிலை இடிப்பது? தனி வழி இல்லாத ட்ராம் மினிபஸ்ஸுக்குப் பின்னால் மணி அடித்துக்கொண்டு நிற்கும், விலத்திப் போகவும் முடியாது. பரமற்றாவில் சேர்ச் தெருவைக் கிண்டிப்போட்ட காலத்தில் அங்கிருந்த சாப்பாட்டுக் கடைக்காரர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். சுன்னாகச் சந்தைக்கு முன்னால் அப்படிக் கிண்டினால் கிண்டினவன் வீடு போய்ச் சேரமாட்டான்.

சரி, இருக்கிற தண்டவாளத்துக்கு வருவோம். 1902இல் வந்த பாதை, 1990இல் நின்று, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும் அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் திரும்ப ஓடத் தொடங்கியது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று வழியெல்லாம் ஸ்ரேசன் இருக்கிறது. ஏறக்குறைய 18 கிலோமீற்றர். இதற்கு மின்சாரமும் வேண்டாம், புதுப் பாலமும் வேண்டாம். இரண்டு பஸ்ஸை முதுகோடு முதுகு பொருத்தி, இரும்புச் சில்லுப் பூட்டி, "றெயில் பஸ்" என்று மட்டக்களப்புப் பக்கம் ஓட்டினார்களே, அந்த மாதிரி வண்டி போதும்.

கணக்கைப் பாருங்கள். நின்று நின்று போக முப்பத்தைந்து நிமிடம், முனையில் திரும்ப ஐந்து நிமிடம் என்று வைப்போம். இரண்டு வண்டி இருந்தால் நாற்பது நிமிடத்துக்கு ஒன்று ஓடலாம். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிரெதிரே வரும் இரண்டும் நடுவழியில் விலத்தவேண்டும். அதற்குச் சுன்னாகம் மாதிரி நடு இடத்தில் ஒரு பக்கப் பாதை இருந்தால் காணும். நீங்கள் கேட்ட கால்மணிக்கு ஒன்று என்றால் வண்டி ஐந்தாறு வேண்டும், விலத்தும் இடம் நாலு வேண்டும், அந்த நாலு இடத்திலும் நிமிடம் தவறாமல் வந்து சேரவேண்டும். ஒன்று பிந்தினால் மற்றதெல்லாம் பிந்தும். கொழும்பு றெயில் வேறு நடுவில் வரும். அதனால் முதலில் நாற்பது நிமிடத்தைக் கேளுங்கள். கிடைக்கக்கூடியது அதுதான்.

இன்னொன்று, இது பலருக்குப் பிடிபடுவதில்லை. அந்தப் பரமற்றா ட்ராம் விரைவாகப் போவதற்கு என்ஜின் காரணம் இல்லை, தரிப்பிடம்தான் காரணம். கட்டணம் தட்டும் கம்பம் தரிப்பிடத்தில் நிற்கிறது, வண்டிக்குள் இல்லை. கட்டணத்துக்கான ஓப்பல் அட்டையை அங்கேயே தட்டிவிட்டு நிற்பீர்கள். வண்டி வந்ததும் எல்லாக் கதவும் ஒன்றாகத் திறக்கும், தள்ளுவண்டிப் பிள்ளையும் தடிபிடித்த கிழவியும் ஒரே நேரத்தில் ஏறுவார்கள். மிச்சக் காசுக் கதையே கிடையாது. அந்தத் தரிப்பிடத் திண்ணை ஓர் அடி உயரந்தான் இருக்கும், வண்டியின் தரை அந்த அளவுக்குத் தாழ்த்திச் செய்யப்பட்டது. உங்கள் அம்மாவுக்கு வேண்டியது அந்த ஓர் அடி. எங்கள் ஊர் ஸ்ரேசன்களில் வண்டியின் தரைக்குச் சமமாக மேடையைக் கட்டினால் அது முடிந்துவிடும்.

---

பழைய கோச்சி எழுதியது:

ட்ராம் பற்றிப் பேசுகிறவர்களில் இலங்கை ட்ராமில் ஏறினவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஐயாவுக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் கடை. ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கு, மற்றது பொரளைக்கு. பக்கம் திறந்த வண்டி, மழை வந்தால் ஓரத்தில் இருப்பவன் நனைவான், அதனால் பெரியவர்கள் நடுவில் இருந்துகொண்டு சின்னப்பிள்ளைகளை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். 1929இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க நடத்திய ட்ராம் வேலைநிறுத்தத்தைப் பற்றி ஐயா அடிக்கடி சொல்லுவார். 1960இல் ட்ராமை நிற்பாட்டினார்கள். மேலே கம்பியில் தொங்கி ஓடிய ட்றொலி பஸ்ஸும் 1964இல் போய்விட்டது. கழற்றின அந்த ட்ராம் தண்டவாளத்தைத் திரும்பப் போடவேயில்லை. இருக்கிறதைக் கழற்ற விடாதீர்கள்.

---

மெல்பேண் மாமி எழுதியது:

இறங்கும்போது மோட்டார்சைக்கிள் வருவது பற்றி ஒரு வார்த்தை. இங்கே பல தரிப்பிடங்கள் நடுவீதியில்தான். ட்ராம் நின்று கதவு திறந்தால் பின்னால் வருகிற கார் கட்டாயம் நிற்கவேண்டும், அது சட்டம். நான் வந்த புதிதில் இறங்கவே பயந்தேன். கார்க்காரர் நிற்பதைப் பார்த்து இப்போது மகாராணி மாதிரி இறங்குகிறேன். இந்தச் சட்டத்தை மினிபஸ்ஸுக்கும் அங்கே கொண்டுவந்தால் காசே செலவில்லை.

---

கொக்குவில்காரி எழுதியது:

இணுவில் அண்ணைக்கு நன்றி. ஸ்ரேசனுக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையில் ஒரு கிலோமீற்றர் சொச்சம் வருமே, மத்தியான வெயிலில் யார் நடப்பது? ஓட்டோவுக்குக் கொடுப்பதானால் பஸ்ஸிலேயே போய்விடலாம். மினிபஸ்காரரின் பிழைப்பு என்னாகும்? எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு குடும்பம் அதில்தான் சீவிக்கிறது. அப்புறம் ஒரு சந்தேகம், ஒரு பேச்சுக்குக் கே.கே.எஸ். வீதியில் ட்ராம் போட்டாலும் மேலே மின்கம்பி இருக்குமே, தூக்குக் காவடி எப்படிப் போகும்?

---

நேர அட்டவணைக்காரன் (இணுவில்) எழுதியது:

தூக்குக் காவடியை மறந்தே ஒருவரும் திட்டம் போடக்கூடாது, நல்ல கேள்வி. பரமற்றா நடுவில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிரின்ஸ் அல்பிரட் சதுக்கத்திலிருந்து ட்ராம்வே அவெனியூ வரை மேலே கம்பியே இல்லை, வண்டி தன் பற்றரியில் ஓடுகிறது. அதைக் கடந்ததும் கையை உயர்த்தித் திரும்பக் கம்பியைப் பிடிக்கும். நல்லூர்க் கந்தனுக்கு ஒத்துவரும். ஆனால் நான் சொன்ன றெயில் பஸ்ஸுக்குக் கம்பியே தேவையில்லை, டீசல்தான்.

மினிபஸ்காரரைப் பகைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது. நடக்கவும் தேவையில்லை. றெயில் பஸ் வரும் நேரத்துக்கு ஸ்ரேசன் வாசலில் பஸ் நிற்கவேண்டும். யாழ்ப்பாண ஸ்ரேசனிலிருந்து பெரியாஸ்பத்திரி, பஸ் நிலையம், கஸ்தூரியார் வீதி என்று ஒரு சுற்று. சுன்னாகத்திலிருந்து இரண்டு பக்க ஊர்களுக்கும் ஒவ்வொன்று. நீண்ட தூரம் போட்டிக்கு ஓடி டீசல் எரிப்பதைவிடக் குறுக்கே சின்னச் சுற்று ஓடுவது அவர்களுக்கும் மோசமில்லை. ஒரே ரிக்கற்றில் இரண்டிலும் ஏற முடிந்தால்தான் சனம் மாறும், இல்லாவிட்டால் யாரும் இறங்கி ஏறமாட்டார்கள்.

---

அரியாலை சிவப்பு சைக்கிள் எழுதியது:

எல்லாம் சரி அண்ணை. றெயில் மத்திய அரசிடம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் அனுமதி மாகாண அதிகாரசபையிடம். இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து ஒரே ரிக்கற் அடிப்பார்கள் என்று நம்புகிறீர்களா?

---

நேர அட்டவணைக்காரன் (இணுவில்) எழுதியது:

நம்பவில்லை. அதனால்தான் ரிக்கற்றை இரண்டாவதாகவும் வண்டியை முதலாவதாகவும் கேட்கச் சொல்கிறேன். காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒன்று, கந்தோர் விடும் நேரத்துக்கு ஒன்று ஓடிக் காட்டினால் மிச்சத்தைச் சனமே கேட்கும்.

---

கொக்குவில்காரி எழுதியது:

அப்படியென்றால் மனு இரண்டு எழுதவேண்டும், ஒன்று கொழும்புக்கு, ஒன்று மாகாணத்துக்கு. தமிழில் நான் எழுதுகிறேன், கிளினிக்குக்குப் போகிறவர்களிடம் கையெழுத்தும் வாங்குவேன். சிங்களத்தில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தனிமடல் போடுங்கள். அரியாலைத் தம்பி, நீங்களும் கையெழுத்து வைக்கத்தான் வேண்டும்.