பிரெஞ்சு டோஸ்ட் கேசரோல்: மேலே கருகுகிறது, நடுவில் கூழாக நிற்கிறது. ஞாயிறு ப்ரன்ச்சுக்குள் உதவி தேவை

மேப்பிள்மங்கை (வியாழன் இரவு)
அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை பத்தரை மணிக்கு நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் ப்ரன்ச். பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். விருந்தினர் வந்த பிறகும் தோசைக்கல்லருகே நின்று ஒவ்வொரு துண்டாகத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காகவே, ரொட்டித் துண்டுகளை முதல் நாள் இரவே முட்டைப்பாலில் ஊறவைத்துக் காலையில் ஓவனில் தள்ளிவிடும் கேசரோலைத் தேர்ந்தெடுத்தேன். ஒத்திகையாக நேற்றுச் செய்து பார்த்ததில் மேற்பரப்பு கருகத் தொடங்கிவிட்டது. நடுவில் கரண்டியை விட்டால் வேகாத முட்டைப்பால் ஓடிவருகிறது. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 45 நிமிடம் வைத்திருந்தேன். முட்டை, பால், ரொட்டி எல்லாம் வழக்கமான அளவுதான். சனிக்கிழமை காலையில் கடைக்குப் போக வேண்டும் என்பதால் அதற்குள் பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

கோதுமைமணி
சகோதரி, வழக்கமான அளவு என்பது வீட்டுக்கு வீடு வேறு. எத்தனை முட்டை, எவ்வளவு பால், எந்த ரொட்டி, பாத்திரம் என்ன அளவு, அது கண்ணாடியா உலோகமா, ஓவனில் மூடி வைத்தீர்களா திறந்து வைத்தீர்களா என்பவற்றைச் சொன்னால்தான் ஏதேனும் சொல்ல முடியும்.

சல்லாப்பிரியன்
எதையும் கேட்கத் தேவையில்லை. குறை ரொட்டியில்தான் இருக்கும். சல்லா ரொட்டியை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பிரியோஷ். இரண்டும் முட்டை சேர்த்துப் பிசைந்த மாவில் செய்யப்படுபவை. இழை நெருக்கமாக இருப்பதால் இரவு முழுவதும் ஊறினாலும் குழைந்துபோகாமல் தாங்கும். சாண்ட்விச் ரொட்டியை ஊறவைத்தால் காலையில் கஞ்சிதான் கிடைக்கும்.

மேப்பிள்மங்கை
பதில்களுக்கு நன்றி. எட்டு முட்டை, நான்கு கப் பால், அரை கப் சர்க்கரை, பட்டைத்தூள், வெனிலா. ரொட்டி அன்றைக்கே வாங்கிய சாதாரண வெள்ளை ரொட்டி. பாத்திரம் 9க்கு 13 அங்குலம். மூடவில்லை. அலுவலகக் கூட்டம் இருக்கிறது, மாலையில் வந்து பார்க்கிறேன்.

பழுத்தகரண்டி
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை இப்போது யாருக்கும் இருப்பதில்லை. மீண்டும் ஒருமுறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். இது ரொட்டியைத் தாங்கி நிற்கும் கஸ்டர்டு. கஸ்டர்டைக் கட்டியாக்குவது முட்டையின் புரதமே தவிர ரொட்டி அன்று. ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் ரொட்டிக்கு எட்டு முட்டையும், பாலும் கிரீமுமாகச் சேர்த்து இரண்டரை முதல் மூன்று கப் திரவமும் போதும். நான்கு கப் என்பது ஏறக்குறைய 950 மில்லிலிட்டர். மென்மையான புது ரொட்டி அவ்வளவையும் உறிஞ்ச முடியாமல் விட்டுவிட, மிஞ்சியது அடியில் குளமாகத் தேங்கும். அடிப்படை தெரியாமல் விருந்தினரை அழைப்பது துணிச்சல்தான்.

கோதுமைமணி
அளவு சரிதான், ஐயா. கடைசி வரி தேவையில்லை. ஓவனில் வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியத் தாளால் இறுக மூடி, ஓவனின் நடுத்தட்டில் முதல் 30 அல்லது 35 நிமிடம் வையுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு மேலும் 20 நிமிடம் வைத்தால் மேற்பரப்பு பொன்னிறமாகும். மூடாமல் வைத்தால் சர்க்கரையும் பாலும் கலந்த மேற்பரப்பு நடுப்பகுதி சூடேறுவதற்கு வெகுமுன்பே நிறம் மாறிவிடும். அதைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுத்துவிடுவோம். பாத்திரம் கண்ணாடியா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வெப்பமானிதாசன்
நிறத்தையும் நிமிடத்தையும் நம்ப வேண்டாம். உடனடியாகச் சூடு காட்டும் வெப்பமானியைச் சரியாக மையத்தில் செருகிப் பாருங்கள். முட்டை சேர்ந்த உணவுகளுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பான உள்வெப்பம் 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ். நான் 165ஐத் தொட்ட பிறகே வெளியே எடுப்பேன். எடுத்தவுடன் வெட்டாமல் பத்து நிமிடம் ஆறவிட்டால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே நடுப்பகுதி இன்னும் இறுகும். வெப்பமானி இல்லாவிட்டால் மெல்லிய கத்தியை நடுவில் இறக்கிப் பாருங்கள். ஈரம் ஒட்டலாம், ஆனால் பால்போல் வழியக் கூடாது.

மேப்பிள்மங்கை
கண்ணாடிப் பாத்திரம்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக ஓவனில் வைத்தேன்.

ஊறவைப்போர்சங்கம்
அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். பாத்திரமும் உள்ளிருக்கும் கலவையும் ஃப்ரிட்ஜின் குளிரில் இருக்கும்போது, நீங்கள் வைத்த 45 நிமிடத்தில் ஒரு பங்கு அந்தக் குளிரைப் போக்கவே செலவாகியிருக்கும். குளிர்ந்த பாத்திரத்தைச் சூடாகாத ஓவனில் வைத்து, இரண்டையும் சேர்த்தே சூடாக்கினால் கண்ணாடியும் விரிசல் விடாது, நேரமும் மிச்சம்.

கோதுமைமணி
தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். அமெரிக்கக் கடைகளில் விற்கும் கண்ணாடிப் பாத்திரங்களில் பெரும்பாலானவை இப்போது சோடா-லைம் கண்ணாடி. திடீர் வெப்ப மாற்றத்தை அது போரோசிலிகேட் என்ற வகைக் கண்ணாடி அளவுக்குத் தாங்காது. ஓவன் சூடேறும்போது கம்பிகள் சிவக்கும் அளவுக்குக் கனன்று பாத்திரத்தின் ஒரு பகுதியை மட்டும் தாக்கும் என்பதால்தான், ஓவனை முன்கூட்டியே சூடாக்கிய பின்னரே கண்ணாடியை உள்ளே வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே குறிப்பில் அச்சிடுகிறார்கள். பாத்திரத்தை அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஓவன் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு உள்ளே வையுங்கள். முட்டையும் பாலும் சேர்ந்த கலவை என்பதால் வெளியே இரண்டு மணி நேரத்தைத் தாண்ட விடக் கூடாது. அரை மணி நேரத்தில் ஆபத்தில்லை. உலோகப் பாத்திரம் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

சைவச்சமையல்
இடையில் ஒரு கேள்வி. முட்டை சேர்க்காமல் இதையே கஸ்டர்டு பவுடரில் செய்ய முடியுமா?

பழுத்தகரண்டி
தனி இழை தொடங்குங்கள்.

சல்லாப்பிரியன்
எல்லோரும் பாத்திரத்தையே சுற்றிவருகிறீர்கள். அவர் அன்றைக்கு வாங்கிய புது வெள்ளை ரொட்டியைப் போட்டிருக்கிறார், அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. ரொட்டி பழையதாக இருக்க வேண்டும். இரண்டு நாள் பையிலேயே மூடி வைத்தால் தானாகவே இறுகிவிடும், அவ்வளவுதான்.

வெப்பமானிதாசன்
பையில் மூடி வைத்த ரொட்டி இறுகும், ஆனால் காயாது, இரண்டும் ஒன்றல்ல. மாவுச்சத்து மீண்டும் படிகமாவதால் ரொட்டி விறைக்கிறது. அதிலிருந்த ஈரம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் பழைய ரொட்டியைச் சூடாக்கினால் மறுபடி மென்மையாகிறது. நமக்குத் தேவை ஈரம் வெளியேறிய ரொட்டி, அப்போதுதான் அந்த இடத்தில் முட்டைப்பால் ஏறும். ஓர் அங்குலக் கனத்துக்கு வெட்டிய துண்டுகளை அகலத் தட்டில் பரப்பி, 300 டிகிரி ஓவனில் பத்துப் பதினைந்து நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு உலர்த்துங்கள். நிறம் மாற வேண்டாம். தொட்டால் மேற்புறம் ரஸ்க் போலச் சொரசொரத்தால் போதும்.

சல்லாப்பிரியன்
எங்கள் வீட்டில் பழைய ரொட்டியில்தான் செய்கிறோம், இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. ஓவனில் உலர்த்தினால் ஓரம் மட்டும் காய்ந்து உள்ளே பஞ்சாகவே இருக்கும்.

வெப்பமானிதாசன்
சல்லா கெட்டியான ரொட்டி என்பதால் பழையதாக இருந்தாலே சமாளித்துவிடுகிறது. சாண்ட்விச் ரொட்டியை அதே முறையில் போட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

பழுத்தகரண்டி
இருவரும் சொல்வதில் பாதிப்பாதி உண்மை இருக்கிறது. கேள்வி கேட்டவர் சனிக்கிழமை கடைக்குப் போகிறார், ஞாயிறு காலையில் பரிமாறுகிறார். ரொட்டியைப் பழையதாக்க அவரிடம் நாளே இல்லை. ஆகவே ஓவன்தான்.

மேப்பிள்மங்கை (வெள்ளி இரவு)
அனைத்தையும் படித்தேன், மிக்க நன்றி. சல்லா வாங்கி ஓவனில் உலர்த்தப் போகிறேன். பாலைக் குறைத்து மூன்று கப்பாகவும், அதில் ஒரு கப்பை ஹாஃப் அண்ட் ஹாஃப் (பாலும் கிரீமும் சரிபாதி கலந்தது) ஆகவும் எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று: ஃப்ரீசரில் இருக்கும் ப்ளூபெர்ரி இரண்டு கப்பைப் போன முறைபோலவே ரொட்டிக்கு நடுவே போட்டு இரவு ஊறவைக்கலாம்தானே?

பழுத்தகரண்டி
போன முறைபோலவே! இவ்வளவு நேரமும் இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். உறைந்த பழம் இரவு முழுவதும் உருகி, தன் நீரையெல்லாம் அந்தப் பாத்திரத்திலேயே விட்டிருக்கும். அடியில் நின்ற கூழில் ஒரு பங்கு அதுதான்; ஊதா நிறத்தில் இருந்திருக்குமே?

கோதுமைமணி
ப்ளூபெர்ரியை விட வேண்டியதில்லை. ஒரு கப்பாகக் குறைத்து, உருக விடாமல் உறைந்தபடியே, காலையில் ஓவனில் வைப்பதற்குச் சற்று முன் மேலே தூவுங்கள். அதிலும் கொஞ்சம் நீர் விடும், ஆனால் மேலேயே இருப்பதால் தாளை எடுத்த பிறகு வற்றிவிடும். மிச்சத்தைச் சிறிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து மேப்பிள் சிரப்போடு கலந்து தனியே பரிமாறுங்கள். பழம் பிடிக்காத குழந்தைகள் தப்பித்துக்கொள்வார்கள். ஊற்றும்போது ரொட்டியைக் கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்தி, எல்லாத் துண்டும் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். படுக்கப் போகும் முன் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் கொஞ்சம்தான் திரவம் ஓட வேண்டும். ஏராளமாக ஓடினால் இரண்டு துண்டு ரொட்டியைச் சொருகிவிடுங்கள். பத்தரை மணிக்குப் பரிமாற எட்டேமுக்காலுக்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள், ஒன்பதேகாலுக்கு ஓவனில் வையுங்கள். நடுப்பகுதி தாமதித்தாலும் கையில் சில நிமிடம் இருக்கும்.

ஊறவைப்போர்சங்கம்
பன்னிரண்டு பேருக்கு ஒரு 9க்கு 13 போதுமா என்று யாரும் கேட்கவில்லையே. பக்கத்தில் முட்டைப் பொரியலோ பழங்களோ இருந்தால் போதும். இது ஒன்றுதான் உணவென்றால் இரண்டு பாத்திரம் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் ஓவனின் சூடு இறங்கும், பத்து நிமிடமாவது கூடுதலாக ஆகும்.

மேப்பிள்மங்கை (ஞாயிறு மாலை)
நன்றாக வந்தது. நடுவில் 166 காட்டியது, அடியில் கூழ் இல்லை. 60 நிமிடம் பிடித்தது. எல்லோருக்கும் நன்றி.

சல்லாப்பிரியன்
ரொட்டிதான் காரணம் என்று முதலிலேயே சொன்னேன்.

வெப்பமானிதாசன்
உலர்த்திய ரொட்டி.

சைவச்சமையல்
கஸ்டர்டு பவுடர் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.