ஆனைக்கொம்பன் வயலில் குளவி இருக்கு, மருந்து அடிக்கலாமா?

காவேரிப்பட்டணம் நெல்வயல்:
கே.ஆர்.பி. அணைப் பாசனம், நட்டு 25 நாள். நூறு தூரில் ஏழெட்டு, வெங்காயத்தாள் மாதிரி வெள்ளைக் குழலா நிற்குது, ஆனைக்கொம்பன் ஈயோட புழுவால வர்ற கொம்பு. பிரிச்சுப் பார்த்தா சிலதில் நல்லா நெளியிற புழு. சிலதில் புழு உப்பி அசையாமக் கிடக்கு, தோலுக்குள்ள நொய் மாதிரி பொடிப்பொடியா இருக்கு. குளவின்னா கொம்பு ஏன் வரணும்?

பாலக்கோடு பூச்சி:
உப்பின புழு பிளாட்டிகேஸ்டர் ஒரைசே குளவியோட வேலை. அது ஆனைக்கொம்பன் ஈயின் முட்டையிலேயே தன் முட்டையை வைத்துவிடும். ஈ முட்டை வழக்கம்போலப் பொரிந்து, புழு இலையுறை வழியா இறங்கிக் குருத்தைச் சேரும். அது தின்னத் தொடங்கினதுமே குருத்து குழலாக மாறிவிடுகிறது. குளவி உள்ளேயே பலவாகப் பெருகி, புழு கூட்டுப்புழு ஆகும் முன் கொல்லும். ஆக, அந்தத் தூர் கதிர் விடாது. லாபம் அடுத்த தலைமுறையில்தான்: நூறு முட்டைக்கு மேல் வைக்கும் ஈ ஒன்று குறைகிறது.

ஊத்தங்கரை:
கணக்கு எடுக்கும்போது ஒரு தப்பு நடக்கும். கொம்பு நுனியில் ஓட்டை, அதில் கூட்டுப்புழுத் தோல் தொங்கினால் ஈ எப்போதோ பறந்துவிட்டது. அதைப் பிரித்துவிட்டு ‘புழு இல்லை, குளவி தின்றுவிட்டது’ என்று எழுதிவிடுவார்கள். ஓட்டை விழாத இளங்கொம்பு இருபது, வயலின் பல மூலையிலிருந்து எடுங்கள். பாதிக்கு மேல் உப்பின புழு என்றால் கையை வைக்காதீர்கள். நூற்றுக்குப் பத்துத் தூர் என்பதுதான் மருந்துக்கான எல்லை, நீங்கள் அதற்குக் கீழே. கொம்பு தெரிந்த தூரை எந்த மருந்தும் மீட்காது. பொதுவாக எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்து என்றால் குளவிதான் முதலில் சாகும். யூரியாவை மட்டும் ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள்.

பாலக்கோடு பூச்சி:
பக்கத்தில் பிந்தி நட்ட வயல் இருந்தால் இந்தக் கொம்புகள் அங்கே உதவும். பரிந்துரை, நட்ட 10ஆம் நாள், 10 சதுர மீட்டருக்கு ஒரு குளவிக் கொம்பு. ஏக்கருக்குச் சுமார் 400. ஆனால் பிடுங்கினதை அப்படியே போட்டால் ஈயையும் சேர்த்து விதைப்பீர்கள். கொம்பின் அடியை ஒரு பாத்திரத்தில் ஈர மணலில் செருகி, பாத்திரத்தின் வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் உள்ளே நீர் வியர்த்துக் குளவி ஒட்டிச் சாகும். கொசு மாதிரி நீளக்காலோடு வருவது ஈ, நசுக்கிவிடுங்கள். எறும்பைவிடச் சின்னக் கறுப்புக் குளவியைக் காலையில் வயலில் விடுங்கள்.

காவேரிப்பட்டணம் நெல்வயல்:
வரப்புப் புங்க இலையிலும் கொப்புளம் இருக்கே, அதுக்கும் இதே குளவியா?

ஊத்தங்கரை:
இல்லை. புங்க இலைக் கொப்புளம் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்வது. பூச்சியே அல்ல. அடுத்த பருவத்துக்கு எம்.டி.யு. 3 விதை கிடைக்குமா பாருங்கள், ஆனைக்கொம்பனைத் தாங்கும் ரகம்.