மலையில் கோழி: குளிரை விட ஈரம்தான் தொல்லை

கோத்தகிரியிலிருந்து

தேயிலைத் தோட்டத்தை ஒட்டின வீடு. பின்பக்கம் கொஞ்ச இடம், அதில் சிறுவிடை என்கிற நாட்டுக் கோழிகள். கீழேயிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் குளிரைக் கோழி தாங்குமா?" தாங்கும். இறகை உப்பிக்கொண்டு, காலை வயிற்றுக்கடியில் அடக்கி உட்கார்ந்து தை மாதக் குளிரையும் கழித்துவிடும். ஈரத்தைத்தான் தாங்காது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி ஆடியிலேயே மழை கொட்டித் தீர்த்துவிடும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். நாள்கணக்கில் வெயில் முகமே தெரியாது. அப்போது கூண்டில் பரப்பிய மரத்தூளைக் காலையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் அன்றைக்கே வாரிக் கொட்டிவிட்டுப் புதுத்தூள் போட்டுவிடுவேன். ரத்தக்கழிச்சல் நோய் பெருகுவது ஈரத்தூளில்தான். குஞ்சு இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் ஒடுங்கினால் முதலில் எச்சத்தைப் பாருங்கள்.

குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடுகிறவர்கள் உண்டு. காலையில் கதவைத் திறந்ததும் மூக்கை எரிக்கிற நெடி அடிக்கும். நமக்கு ஒரு நிமிஷம், கோழிக்கு ராத்திரி முழுக்க அதே காற்று. சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் சாக்குப் படுதா போதும். கூரைக்குக் கீழே ஒரு சாண் திறந்தே இருக்கட்டும்.

அப்புறம் முட்டை. நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பார்கள். நம் ஊரில் மார்கழிப் பகல் சுமார் 11½ மணி, ஆனிப் பகலே 13 மணியைத் தொடாது. பல்பு போட்டுச் சரிக்கட்டலாம்தான். நான் போடுவதில்லை. இறகு உதிர்த்து முளைக்கிற சமயத்தில் முட்டையையும் கேட்பது அநியாயமாகப் படுகிறது. இறகு பெரும்பாலும் புரதம் என்பதால், அந்த நேரத்தில் தீவனத்தோடு கருவாட்டுத் தூள் சேர்ப்பேன்.

அடை வைப்பது தை கடைசியில். 21 நாளில் பொரித்தால் மாசி வெயில் குஞ்சுக்குக் கிடைக்கும். தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் குண்டு பல்பை நம்பி என்ன செய்வது?

பண்ணைக்காட்டிலிருந்து

ஈரம் பற்றிச் சொன்னது எங்கள் கொடைக்கானல் கீழ்மலைக்கும் பொருந்தும். எங்கள் காப்பித் தோட்ட ஓரத்துக்கு வெயில் காலத்தில் ஒரு காட்டுக்கோழிச் சேவல் வரும். கழுத்திறகில் மஞ்சள் பொட்டுகள், வளைந்த கறுத்த வால். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உடைந்த குரலில் கூவும். எங்கள் சேவல் இங்கிருந்து பதில் சொல்லும். நம் கோழிகளின் மஞ்சள் காலுக்கான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆக, தூரத்துச் சொந்தம்தான்! ஆனாலும் கிட்டே சேர விடுவதில்லை. வெள்ளைக்கழிச்சல் நோய் இங்கிருந்து அங்கே போனாலும் அங்கிருந்து இங்கே வந்தாலும் நஷ்டம்தான். அதைத் தடுக்கக் குஞ்சுக்கு முதல் வாரம் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி என்று தவறாமல் போட்டுவிடுகிறோம்.

குன்னூரிலிருந்து

மழையை விட எனக்கு மரநாய்தான் தலைவலி. கூரை ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கைநுழையும் சந்து கிடைத்தால் போதும். மேலே சொன்ன ஒரு சாண் இடைவெளியைத் திறந்தே வையுங்கள், ஆனால் அதில் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கம்பிவலை அடித்துவிடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். சிறுத்தை நடமாடும் தெருவென்றால் தகரக் கதவும் இரும்புத் தாழ்ப்பாளும் வேண்டும். ராத்திரி மிச்சத் தீவனத்தை உள்ளே விட்டால் எலி வரும், எலியைத் தேடி மற்றதெல்லாம் வரும்.

கோத்தகிரிக்காரரிடம் ஒரு கேள்வி: மழை மாதத்தில் காய்ந்த மரத்தூள் எங்கே பிடிக்கிறீர்கள்? இங்கே மில்லிலேயே நனைந்துதான் வருகிறது.