நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஐம்பது என்று எழுதியவர்கள்

தேர்வர்: "அதே வழியில் போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60 கி.மீ.; சராசரி வேகம் என்ன?" குரூப் 4க்கான மாதிரித் தேர்வில் இதைக் கண்டதும், யோசிக்காமல் 50க்குரிய வட்டத்தைக் கறுப்பு மைப் பேனாவால் அழுத்தி நிரப்பிவிட்டேன். அடுத்த வினாவுக்கு நகரும்போதுதான் கீழே 48 என்றொரு விடை கண்ணில் பட்டது. வயிற்றில் புளியைக் கரைத்தது; வட்டத்தை அழிக்க வழியில்லை. மெதுவாகப் போன பாதிதான் கூடுதல் நேரத்தை விழுங்குகிறது என்பது வீடு திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது.

கணக்குப் பிரியர்: 50 எப்போதுமே தவறு என்ற தொனியை ஏற்க இயலாது. ஒரு மணி நேரம் 40இலும் அடுத்த ஒரு மணி நேரம் 60இலும் ஓடினால் சராசரி 50தான். வேகங்களின் பெருக்கற்பலனை இரட்டித்துக் கூட்டுத்தொகையால் வகுக்கும் சூத்திரத்தை மனப்பாடம் செய்திருந்த நான், நேரம் சமமென்று தெளிவாகக் கொடுத்திருந்த கணக்கில் 48 எழுதி மதிப்பெண்ணை இழந்தவன்.

தேர்வர்: "அதே வழியில்" என்று எழுதியிருக்கிறேனே, ஐயா. தூரம்தான் சமம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: மூன்று வேகங்கள் வந்த ஒரு கணக்கில் அந்தச் சூத்திரம் என்னையும் கைவிட்டது. யாரும் கேட்கவில்லையென்றாலும் சொல்கிறேன்: சூத்திரத்தை விட்டுவிட்டு, தூரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சம தூரங்களை 30, 40, 60 வேகங்களில் கடந்தால், மூன்றுக்கும் மீ.சி.ம. (மூன்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) 120; ஒவ்வொரு பகுதியும் 120 கி.மீ. என்று கொண்டால் நேரம் 4, 3, 2 என மொத்தம் 9 மணி, தூரம் 360, சராசரி 40. வேகங்களை மட்டும் கூட்டி மூன்றால் வகுத்தால் 43க்கு மேல் வரும். வழியில் தேநீருக்கு நின்ற நேரத்தைக் கேள்வி குறிப்பிட்டிருந்தால் அதையும் மொத்த நேரத்தில் சேர்க்க வேண்டும். பலர் சறுக்குவது அங்கேதான்.

ஒரு தந்தை: 60 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு 30 வேகத்தில் போய், போய்வந்த மொத்தப் பயணத்துக்கும் சராசரி 60 வர வேண்டுமானால் எந்த வேகத்தில் திரும்ப வேண்டும் என்று மகளிடம் கேட்டேன். சட்டென்று 90 என்றாள். போய்வர 120 கி.மீ.; சராசரி 60 வர மொத்தமே இரண்டு மணி நேரம்தான், போவதற்கே அது தீர்ந்துவிட்டது என்றேன். உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1934இல் இதே வகைப் புதிரை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பியபோது, கணக்கிட்டுப் பார்த்த பிறகே அவருக்கும் பொறி புலப்பட்டதாம். அதைச் சொல்லியும் அவள் சமாதானமாகவில்லை. "பறந்து வந்தாலுமா, அப்பா?" என்று கேட்டுவிட்டு, திரும்பும் வேகத்தை 120, 240 என்று ஏற்றிக்கொண்டே போனாள், 600 வைத்தும் சராசரி 57ஐ ஒட்டியே நின்றது.