எக்செல்ல பேரு இருக்கு, தேடுனா இல்லைங்குது. அவசரம்!

புளியரைப் பையன் (இரவு 8:52)
மொய் லிஸ்டை எக்செல்ல ஏத்தி வச்சிருக்கோம். ஸ்ரீகுமார்னு தேடுனா இல்லைன்னு வருது. ஆனா 212-வது வரியில பேரு கண்ணு முன்னால கெடக்கு. பேரை வச்சுத் தொகையை எடுக்குற வி-லுக்கப் ஃபார்முலா போட்டாலும் அதே கதை. நாளைக்கு விடியக்காலம் புனலூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பணும், அவரு நமக்கு எவ்வளவு எழுதுனாருன்னு பாக்கணும். யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

கணக்கப்பிள்ளை
பேருக்குப் பின்னால ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு இருக்கும். எப்பவும் இதான். ட்ரிம் போடுங்க, சரியாயிரும்.

பழைய மானிட்டர்
போனா, லேப்டாப்பா? என்ன ஃபான்ட்? பாமினிங்கற பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல்னா, யூனிகோட்ல (ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் வச்சிருக்கற பொது முறை) தேடி ஜென்மத்துக்கும் கிடைக்காது.

புளியரைப் பையன்
ட்ரிம் போட்டாச்சு அண்ணாச்சி, அசையல. பாமினி இல்ல. முருகன் வருது, சுடலை வருது, இசக்கியம்மாள் வருது. இவரு மட்டும் வர மாட்டேங்காரு.

எழுத்துரு வாத்தியார்
ஸ்கிரீன்ஷாட் கிடையாது, விவரம் கிடையாது, ஆனால் 'அவசரம்' மட்டும் உண்டு. யூனிகோட் இயல்பாக்கம் (ஒரே எழுத்தைச் சேமிக்கும் வெவ்வேறு முறைகளை ஒன்றாக்குவது) பற்றி நான் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். கோளாறு அதுதான். பழைய இழைகளைத் தேடிப் படிக்கவும்.

பழைய மானிட்டர்
வாத்தியாரே, ஸ்ரீகுமார்ல கொம்பு எங்க இருக்கு?

குண்டாறு
தம்பி, லிஸ்ட் முழுக்க நீங்க ஒருத்தர் அடிச்சதுதானா? அந்தச் செல்லுக்கு 'லென்' (புள்ளி, கொம்பு, கால் எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுற ஃபங்ஷன்) போட்டா எவ்வளவு வருது? நீங்களே பக்கத்துச் செல்லுல அதே பேரை அடிச்சு, அதுக்கும் போட்டுப் பாருங்க.

புளியரைப் பையன்
பாதி நான் போன்ல அடிச்சது. ஆரியங்காவு, தென்மலைக்காரங்க நோட்டு சித்தி மக கையில இருந்துச்சு, அவ லேப்டாப்ல அடிச்சா. நேத்துதான் ரெண்டையும் ஒண்ணாச் சேத்தேன். லென் ரெண்டுக்கும் 10.

கணக்கப்பிள்ளை
இதை முதல்லயே சொல்லப்படாதா!

குண்டாறு
லென் ஒண்ணுபோல வந்தா ஸ்பேஸ் பிரச்சினை இல்ல. 'யூனிகோட்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, செல்லுல உள்ள முதல் எழுத்தோட நம்பரைச் சொல்லும். ரெண்டுக்கும் போடுங்க.

புளியரைப் பையன்
நான் அடிச்சதுக்கு 3000. அவ அடிச்சதுக்கு 2998. என்னது இது??

குண்டாறு
அப்பிடி வாங்க. இதைப் பாருங்க: ஸ்ரீ, ஶ்ரீ. பெரும்பாலான ஃபான்ட்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது ஸ-வுல தொடங்குது, நம்பர் 3000. ரெண்டாவது கிரந்த ஶ, நம்பர் 2998. இந்த ஶ யூனிகோட்ல சேர்ந்ததே 2005-ல, 4.1 பதிப்புலதான். அதுக்கு முன்னால ஸ-வை வச்சுத்தான் ஒப்பேத்தினாங்க. வந்த பிறகு ஶ தான் சரின்னு ஆச்சு, ஆனா எல்லா கீபோர்டும் மாறல. உங்க போன் பழசை அடிக்குது, தங்கச்சி லேப்டாப் புதுசை அடிக்குது. நம்ம கண்ணுக்கு ஒரே ஆளு, எக்செல்லுக்கு ரெண்டு ஆளு.

பக்கத்துல புதுசா ஒரு காலம் போட்டு, சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவுல யூனிகேர்(2998)-ஐ யூனிகேர்(3000)-ஆ மாத்துங்க; யூனிகேர்னா நம்பரைக் குடுத்தா எழுத்தைத் தர்றது. முறைப்படி பாத்தா தலைகீழாத்தான் மாத்தணும். ஆனா தேடப்போறது உங்க போன்ல.

எழுத்துரு வாத்தியார்
நான் முதலிலேயே 'இயல்பாக்கம்' என்று சொன்னேன்.

குண்டாறு
இயல்பாக்கம் இந்த ரெண்டையும் ஒண்ணாக்காது வாத்தியாரே. யூனிகோட் கணக்குல இது ரெண்டும் வேற வேற எழுத்து.

வட்டெழுத்து
வடமொழி எழுத்தைப் பிடித்துத் தொங்கினால் இப்படித்தான். திருக்குமார் என்று எழுதினால் எந்தச் சிக்கலும் இல்லை. ஈழத்தில் அழகாகச் 'சிறீ' என்று எழுதுகிறார்கள்.

தென்மலை அக்கா
எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு ஸ்ரீஜா, ஸ்ரீலதா இருக்காவ. மலையாளத்துல அதுக்கு ஶ தான். மொய்க்கவர்ல திருக்குமார்னு எழுதிக் குடுத்தா 'இது ஆரு'ன்னு கேப்பாவ.

வட்டெழுத்து
கேரள எல்லையில் இருந்தால் தமிழை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

பழைய மானிட்டர்
எல்லையா? 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியிலதான் இருந்துச்சு. எங்க தாத்தா வச்சிருந்த பத்திரம் மலையாளம், வீட்டுல சண்டை போட்டது தமிழ்.

கணக்கப்பிள்ளை
மொய்யை எக்செல்ல ஏத்துனதே தப்புங்கேன். மஞ்சள் தடவுன நோட்டுல இந்தத் தொல்லை உண்டா?

தென்மலை அக்கா
அந்த நோட்டை எங்க வீட்டுல கரையான் தின்னுட்டு அண்ணாச்சி. ஏ தம்பி, விடியக்காலம் போகணும்னியே, இவங்க சண்டை முடியுமா? ஸ்ரீயை விட்டுட்டுக் 'குமார்'னு மட்டும் தேடுப்பா. ஊரைப் பாத்து ஆளைப் பிடிச்சிரலாம்.

புளியரைப் பையன் (காலை 4:35)
கிடைச்சிட்டு. அக்கா சொன்ன மாதிரி தேடுனதுலயே வந்துட்டாரு. பொறவு குண்டாறு அண்ணன் ஃபார்முலாவையும் போட்டேன், காணாம இருந்த 11 பேரு வந்தாங்க. ஸ்ரீகுமார் நமக்கு எழுதுனது 2001. அப்பா 501 வச்சுக் கவரை ஒட்டியே வச்சிட்டாரு, இப்போ பிரிச்சிக்கிட்டு இருக்கோம். கௌரி அத்தை பேரும் ரெண்டா காட்டுது, லென் ஒண்ணுல 4, இன்னொண்ணுல 5. வந்து பாக்கேன், பஸ்சுக்கு நேரமாச்சு.

குண்டாறு
5 வர்றதுல ஔகாரக் குறிக்குப் பதிலா கொம்பும் 'ள'வும் போட்டு 'கெளரி'ன்னு அடிச்சிருக்கும். கண்ணுக்கு லேசுல தெரியாது. வந்ததும் சொல்லுங்க.

எழுத்துரு வாத்தியார்
அதற்குத் தனி இழை தொடங்கவும்.