சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, லீவுக்கு வரும் பிள்ளைகள்: யோசனை சொல்லுங்க

வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். அடுத்த வாரம் அக்கா பிள்ளைகள் மூன்று பேர் லீவுக்கு வருகிறார்கள், ஒருவருக்கும் நீச்சல் தெரியாது, எங்கள் கிணறோ 60 அடி ஆழம், சுற்றுச்சுவர் கிடையாது, அப்பிச்சி காலத்தில் நாங்கள் குதித்து விளையாடியதுதான், இப்போது தண்ணீர் இறங்கிப் பாறை தெரிகிறது. நினைத்தாலே தூக்கம் வரவில்லை. சுற்றிலும் கம்பி வேலி போதுமா, மேலே இரும்பு வலையும் போட வேண்டுமா? போட்டவர்கள் செலவோடு சொல்லுங்க.

அப்புறம், நேற்று தண்ணீர்த் தொட்டி ஈரத்தில் கண்ணாடி விரியன் படுத்திருந்தது. கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பது தெரியும். வராமல் தடுக்க விறகு அடுக்கை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறீர்கள்?